பாப்பா பாப்பா ஆல்ஃபா

முத்துப்பேச்சி முதன்முதலாகத் தனியாக ஓட்டிய விமானம் காலை ஏழு பத்துக்கு எட்டாலம்பட்டி ஓடுபாதையில் இறங்கியது. அதன் நிழல் இறங்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்ட இடத்திலிருந்து நிழல் மட்டும் வழுக்கிக்கொண்டு முன்னே போய், ஓடுபாதை முடிகிற முள்வேலியைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, இன்னொரு சுற்றுக்குக் கிளம்பிப் போனது. பேச்சி எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்து, வெற்றிக் களிப்பில் கீழே குதித்தபோது இறக்கைக்கு அடியிலும் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எட்டாலம்பட்டி என்றால் எட்டு ஆலமரம் நின்ற ஊர். அந்த எட்டையும் வெட்டித்தான் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் ஓடுபாதை போட்டான். அவன் போய், சண்டையும் போய், ஓடுபாதையில் எண்பது வருஷம் ஆடு மேய்ந்து, கடைசியில் விமானப் பள்ளி ஒன்று வந்து இரண்டு சின்ன விமானங்களை நிறுத்தியபோதும், மிளகாய் விளைகிற அந்தக் கரிசல் காட்டில் நிழல் என்று சொல்லிக்கொள்ள மின்கம்பத்தின் நிழல்தான் இருந்தது. ஆள் ஒல்லியாக இருந்தால் அதில் நிற்கலாம்.

பள்ளியின் இரண்டு விமானங்களில் ஒன்று எஞ்சின் பிரித்துக் கிடந்தது. பறந்தது மற்றதுதான். அதன் வாலில் விடி-பிபிஏ என்று எழுதியிருக்கும், ரேடியோவில் அதைப் பாப்பா பாப்பா ஆல்ஃபா என்று சொல்ல வேண்டும். ஊரில் சலூன் வைத்திருந்த உலகநாதனின் பழைய ரேடியோவில் முள்ளைக் கடைசிவரை திருகி அதற்கும் மேலே ஒரு அழுத்து அழுத்தினால் விமானக்காரர்கள் பேசுவது கேட்கும். மீசை திருத்த வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். "பாப்பா பாப்பா" என்று ஒரு பெண் குரல் வானத்திலிருந்து கூப்பிடுகிறது. "பாப்பா பாப்பா, வரலாம்" என்று இன்னொரு பெண் குரல் தரையிலிருந்து பதில் சொல்கிறது. பிள்ளையைக் கூப்பிடுவது எட்டாலம்பட்டிக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அந்த விமானத்துக்குப் பாப்பா என்றே பெயர். பாப்பா கிளம்பிட்டா, பாப்பா திரும்பிட்டா, பாப்பாவுக்கு இன்னைக்கு மேலுக்குச் சரியில்லை போல, இருமுதா.

தரையிலிருந்து பேசிய குரல் கேப்டன் ஷெரின் கொரைராவுடையது. தூத்துக்குடிக்காரி, வயது இருபத்துமூன்று, ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் பறந்தவள். வானத்திலிருந்து பேசியது உள்ளூர்க்காரி முத்துப்பேச்சி. வயது முப்பத்தொன்று, ஏழு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள், அரசு உதவித்தொகைக் கடிதம் வந்த அன்று வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தவள். பறக்கும்போது பேச்சி "கேப்டன்" என்பாள். தரையில் கேப்டன் அவளை "அக்கா" என்பாள். வேன் ஓட்டின கைக்கு விமானம் சீக்கிரம் பிடிபட்டது. பேச்சிக்குப் பேச்சுத்தான் தகராறு. ரேடியோப் பொத்தானை அழுத்தினால் படித்த இங்கிலீஷெல்லாம் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்னும்.

தனியாகப் பறக்கிற அன்று விடியும்போது வீட்டில் சண்டை. அண்ணன் பெண்டாட்டி செல்லக்கனி, காலையில் மிளகாய் பறிக்கப் போய் மாலையில் கண் எரிய வருகிறவள், தூக்குவாளியில் சோறு அடைத்துக்கொண்டே, "அந்தக் கேப்டன் பிள்ளை கூட இருந்தாலாவது ஒரு தைரியம். ஒத்தையில போய் எங்க விழுந்து கெடக்கப் போறியோ" என்றாள்.

"வாயக் கழுவுங்க மதினி. நான் போறேன்."

"ஏட்டி, போறேன்னு சொல்லாத. போயிட்டு வாரேன்னு சொல்லு."

பேச்சி சொல்லவில்லை. ஸ்கூட்டரை உதைத்துப் போய்விட்டாள். கோபம் ஓடுபாதை வரை கூட வந்தது, கூடவே ஏறி உட்கார்ந்தது. ஓடுபாதையோரம் விமானங்களுக்கு உத்தரவு சொல்கிற கண்ணாடி அறையிலிருந்து கேப்டன், பாப்பா பாப்பா ஆல்ஃபா, கிளம்பத் தயாரா என்று இங்கிலீஷில் கேட்டபோது, சொல்ல வேண்டிய நாலு வார்த்தையும் மறந்துபோய், வாயில் கிடந்த சொல்தான் வெளியே வந்தது. "போறேன்." சலூனில் முகத்துக்கு நுரை போட்டு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். கேப்டனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொல்லிவிட்டாள்.

விமானத்தைவிட்டுப் பிரிந்த நிழலுக்கு அவசரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. முதல் சுற்றை ஓட்டமாகப் போனது, இரண்டாவது சுற்றில் நடையானது, மறுநாளிலிருந்து வண்டிமாட்டு வேகத்தில் நடந்து ஒரு பகலுக்கு ஒரு சுற்று என்று கணக்காக வந்தது. பயிற்சி விமானங்கள் சுற்றுகிற அதே நீள்சதுரப் பாதைதான், ஒரு அடி விலகாது. சூரியன் உதிக்கையில் ஓடுபாதையின் கிழக்கு முனையில் புறப்படும். பத்து மணிக்குப் பள்ளிக்கூடம், உச்சிக்கு மிளகாய்க் காடு, மூன்று மணிக்கு ரேஷன் கடை, நாலு மணிக்குச் சுடுகாடு, அந்தி சாய ஓடுபாதையின் மேற்கு முனை. அங்கே வந்து கொஞ்சம் தயங்கும். பிறகு இறங்காமலே ஓடுபாதையைக் கடந்து இருட்டுக்குள் போய்விடும். ராத்திரியில் அது எங்கே இருக்கிறது என்று யாரும் தேடவில்லை. ராத்திரி முழுக்க அதுதானே.

முதல் மூன்று நாள் ஊர் அண்ணாந்து பார்த்தது. நாலாம் நாள் குனிந்து பார்த்து, ஐந்தாம் நாள் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மிளகாய் பறிக்கிற பெண்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள், நிழல் நடக்கிற வேகமும் கை பறிக்கிற வேகமும் ஒன்று என்று. வால் பக்கமிருந்து மூக்குப் பக்கம் வரை வரிசையாக நின்று, நிழல் நகர நகரப் பறித்துக்கொண்டே போனால் உச்சி வெயில் தலையில் விழாமல் நாலு ஏக்கர் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர் பத்து மணிக்குப் பிள்ளைகளை வெளியே கூட்டி வந்து நிழலோடு நடந்தபடியே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். பதினாறாம் வாய்ப்பாடு முடிகிற இடத்தில் பம்புசெட் வரும், அங்கே தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். உலகநாதன் சலூன் நாற்காலியையும் ரேடியோவையும் தள்ளுவண்டியில் ஏற்றி நிழலுக்குள் தள்ளிக்கொண்டே சவரம் செய்தான், ஒரு தாடையில்கூட கீறல் விழவில்லை. கல்யாணப் பத்திரிகையில் "நிழல் பள்ளிக்கூடம் தாண்டும் சுபவேளையில்" என்று அச்சடித்தார்கள். இறந்துபோனவர்களை நாலு மணி வரை வைத்திருந்து நிழலோடு தூக்கிப் போனார்கள். வாழ்நாள் முழுக்க வெயிலில் கிடந்த உடம்பு கடைசி அரைக்கல் தூரமாவது குளிரட்டும் என்றார்கள். பார்த்தவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

மேலத்தெருக்காரர்கள் இறக்கைகளை எடுத்துக்கொண்டு கீழத்தெருக்காரர்களுக்கு வாலை விட்டுவைத்தார்கள். ஆனால் நிழல் மூலையில் திரும்பும்போது வலது இறக்கை பெரிய வட்டம் போடும், இடது இறக்கை நின்ற இடத்திலேயே நிற்கும், வால் எங்கோ போய்விடும். நேராக நடந்தவர்கள் வெயிலில் நிற்பார்கள், வாலில் வந்தவர்கள் இறக்கையில் இருப்பார்கள். ஒரு நாளைக்கு நாலு மூலை. ஒரு வாரம் தள்ளுமுள்ளு நடந்தது. பிறகு யாருக்கு எது என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாமல் எல்லாரும் நடு உடம்பில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஊராட்சித் தலைவர் தங்கபாண்டி தன் செங்கல் சூளைப் பக்கம் நிழலைத் திருப்ப இரண்டு ஆளை விட்டுப் பச்சைக்கொடி ஆட்டிப் பார்த்தார். நிழல் திரும்பவில்லை. "படிச்ச நிழலு, அண்ணாச்சி. சொன்ன பாதையை விட்டு மாறாது" என்றான் உலகநாதன்.

ஊருக்கு இப்படிக் குளிர்ந்துகொண்டிருந்தபோது விமானப் பள்ளிக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. நிழல் இல்லாத பாப்பாவுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தன் நிழல் தன்னைச் சந்திக்க ஓடி வருவதைப் பார்த்துத்தான் விமானம் பூமியின் உயரத்தை அறிகிறது என்பது அதுவரை யாருக்கும் தோன்றாத விஷயம். கேப்டனே ஓட்டினாலும் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போய், தொப்பென்று விழுந்து, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லுப் போலத் தத்தித் தத்திப் போயிற்று. இரண்டு டயரை மாற்றினார்கள். மெக்கானிக் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டி, "நிழல்னு ஒரு பாகமே இதுல இல்ல மேடம்" என்றார்.

விமானத்தை மூலையில் நிறுத்தினார்கள். தனியாகப் பறந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது விமானப் பள்ளிகளின் வழக்கம். பேச்சிக்கு நிரப்பி வைத்த வாளி அப்படியே இருந்தது. நிழல் இறங்காத இறக்கம் பாதி இறக்கம்தான் என்று கேப்டன் நினைத்தாள். பேச்சி தினமும் அந்த வாளியைத் தாண்டிப் போய் வந்தாள்.

உதவித்தொகைக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. பயிற்சி பெறுபவர் தனியாக மூன்று முறை ஒழுங்காக இறங்குவதை அதிகாரி நேரில் பார்த்து மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் கையெழுத்திட வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். குல்கர்னி என்ற அதிகாரி முப்பதாம் தேதி வருவதாகத் தகவல் வந்தது. நிழல் போய் அன்றோடு நாற்பத்தோரு நாள், ஒரு மண்டலம் ஆகும்.

இருபத்தொன்பதாம் தேதி ஊர்க்கூட்டம். கூட்டம் என்றால் நிழலுக்குள்தான், நடந்துகொண்டேதான். ரேஷன் கடைப் பக்கம் தொடங்கியது. பேச்சி விமானி உட்காருகிற இடத்தில், இடது இறக்கை உடம்போடு சேருகிற முனையில், நடந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு நிழல் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நான் மறுபடி வேன் ஓட்டப் போக வேண்டியதுதான்.

தலைவர் சொன்னார், "ஏம்மா, நாளைக்குப் பங்குனி பாதி. முன்னால சித்திரை கெடக்கு, கத்திரி வெயில் கெடக்கு. ரெண்டே மாசம். வைகாசி பாதி போகட்டும், நாங்களே வந்து எறக்கித் தாறோம்."

"வைகாசி வரைக்கும் கடுதாசி காத்திருக்காது அண்ணாச்சி."

"வேன் ஓட்டுனா என்ன கொறஞ்சா போச்சு? தரையில ஓடுதது கவுரவம் இல்லையா?" என்று யாரோ வால் பக்கமிருந்து கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நல்லவர்கள்தான், பேச்சியின் வேனில் அவர்கள் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ஆனால் நாற்பது நாளாக அவர்கள் உச்சந்தலை ஆறியிருந்தது, ஆறின தலை மறுபடி வெயிலுக்கு ஒப்பாது.

சுடுகாட்டுத் திருப்பம் வந்தது. நிழல் திரும்பியது, கூட்டம் கலைந்து கூடியது, அந்தக் கலைதலில் அதுவரை இறக்கை நுனியில் நடந்துகொண்டிருந்த செல்லக்கனி பேச்சிக்கு நேர் எதிரே வந்துவிட்டாள். நாற்பது நாளாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஒரே அடுப்பில் சோறு, ஒரே நிழலில் நடை, ஒரு வார்த்தை கிடையாது.

செல்லக்கனி ஊரைப் பார்த்துப் பேசினாள். "எல்லாரையும்விட இந்த நெழலுக்குள்ள அதிகம் கெடந்தவ நான். என் கண்ணு எரியாம ஒறங்கி நாப்பது நாளாவுது. எனக்கு வேண்டாமா? வேணும். ஆனா பிள்ளை மாதிரி சுத்திச் சுத்தி அந்தி வரைக்கும் நடந்து, வாசல்ல வந்து நின்னு, ஒருத்தரும் வான்னு சொல்லாம திரும்பிப் போவுது. தெனமும் பாக்கேன். நெழல் குடுத்த பிள்ளைக்கு எறங்க ஒரு எடம் குடுக்காண்டாமா வே?"

வால் பக்கம் சிரித்தவர்கள் குனிந்து நிழலைப் பார்த்தபடி நடந்தார்கள்.

பிறகு அவள் பேச்சி பக்கம் திரும்பினாள். "நீ சொன்ன சொல்லுதானட்டி அது. போறேன்னு சொன்ன, போயிட்டு. வாரேன்னு ஒத்தச் சொல்லு சொன்னியா?"

"இல்ல மதினி."

"நாளைக்குச் சொல்லு. எனக்கில்ல. அதுகிட்டச் சொல்லு."

முப்பதாம் தேதி எட்டாலம்பட்டியில் யாரும் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து ஊரே நிழலோடு நடந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்தார்கள், மிளகாய்க் காட்டில் பெண்கள் கூடையோடு சேர்ந்தார்கள், பம்புசெட்டில் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள், தள்ளுவண்டியில் உலகநாதனின் ரேடியோ இரைந்துகொண்டே வந்தது. சாமி ஊர்வலம் மாதிரி இருந்தது, சாமிதான் காலடியில் வந்தது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஓடுபாதையின் மேற்கு முனைக்கு நிழலும் ஊரும் வந்து சேர்ந்தன.

கடல்காற்று கிழக்கிலிருந்து நேராக வீசியது. சூரியன் முதுகுப் பக்கம். மூலையில் நின்ற பாப்பாவைக் கிளப்பிக்கொண்டு போன பேச்சி மேலே, எண்ணூறு அடியில், கடைசித் திருப்பத்தில் இருந்தாள். கீழே தெரிந்தது: கோடு போட்டது போல ஓடுபாதை, அதன் நுனியில் கறுப்பாகப் பாப்பாவின் நிழல், அதற்குள் நிறைய, விளிம்பு வரைக்கும், மனுஷத் தலைகள்.

"கேப்டன், ஆளுங்க நிக்காங்க. எறங்க முடியாது." இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை, அவள் தேடவும் இல்லை.

கண்ணாடி அறையில் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குல்கர்னி எழுந்து நின்றுவிட்டார். கேப்டன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். செல்லக்கனி மிளகாய்க் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிழலை விட்டு முதல் ஆளாக வெயிலுக்குள் கால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள், பெண்களுக்குப் பின்னால் பிள்ளைகள், தள்ளுவண்டி, தலைவர். ஒருவர் ஒருவராக வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓடுபாதையின் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். நாற்பத்தோரு நாளுக்குப் பிறகு நிழல் வெறுமையாகக் கிடந்தது.

"பாப்பா பாப்பா ஆல்ஃபா, காத்து நேரா இருக்கு. ரன்வே காலி," என்றாள் கேப்டன். "இறங்குங்க அக்கா."

பேச்சி பொத்தானை அழுத்தினாள். தொண்டையில் இன்றைக்கு எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை.

"பாப்பா பாப்பா ஆல்ஃபா, ஃபைனல், ஃபுல் ஸ்டாப்." இறங்கி நிற்கப் போகிறேன் என்று அர்த்தம். அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. "பாப்பா, நான் வந்துட்டேன். நீயும் வா."

தள்ளுவண்டி ரேடியோவில் அது வந்ததும் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வா பாப்பா, வா, வாட்டி என் தங்கம், வா வா என்று முந்நூறு வாய், தொட்டிலிலிருந்து இறங்கி முதல் எட்டு வைக்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூப்பிட்டது. நிழல் தயங்கியது. ஒரு இறக்கை லேசாக ஆடியது. பின்பு, வண்டிமாடாக ஒரு மண்டலம் நடந்த அந்த நிழல், கன்றுக்குட்டி போல ஓட ஆரம்பித்தது.

அது ஓடியது ஓடுபாதையின் நடுக்கோட்டில். பேச்சி அதன் பின்னால் வந்தாள், அறுபது அடி, நாற்பது அடி, இருபது. நிழல் முன்னால் ஓடிக்கொண்டே பின்வாங்கி வந்தது, பெரிதாகிக்கொண்டு வந்தது, இப்போது இறக்கைக்கு இறக்கை தெரிந்தது, சக்கரத்துக்குச் சக்கரம் தெரிந்தது. தரை எங்கே இருக்கிறது என்று பாப்பாவுக்குத் தெரிந்துவிட்டதை அவள் உள்ளங்கையில் உணர்ந்தாள். மெல்ல மூக்கைத் தூக்கினாள். தூக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். ரப்பர் தரையைத் தொட்ட சத்தம் கூடக் கேட்கவில்லை என்று உலகநாதன் இன்றைக்கும் சத்தியம் செய்வான். நிழலும் சக்கரமும் சேர்ந்த இடத்தில், ஓடி வந்த தன் பிள்ளையை வாரி எடுக்கிற ஒருத்தி விடுகிற மூச்சு மாதிரி, ஹா என்று ஒரு சத்தம்தான் கேட்டதாம்.

விமானம் நின்றது. இறக்கைக்கு அடியில் கறுப்பாக, குளிர்ச்சியாக, அசையாமல் நிழல் கிடந்தது.

கேப்டன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் ஊர் வந்துவிட்டது. முந்நூறு செம்பு. ஒருவர் ஊற்றியதும் அடுத்தவர், கண்ணைத் திறக்க விடவில்லை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போக, பேச்சி சிரித்துக்கொண்டே திக்குமுக்காடினாள். கடைசிச் செம்பு செல்லக்கனியுடையது. அவள் அதைத் தலையில் ஊற்றாமல் பேச்சியின் கையில் கொடுத்தாள்.

"குடி. வந்துட்டியாட்டி?"

"வந்துட்டேன் மதினி."

அதிகாரி குல்கர்னி மூன்று இறக்கம் வேண்டும் என்றார், விதி அப்படி, இன்னும் இரண்டு பாக்கி, வெளிச்சம் அரைமணி நேரம்தான் இருக்கிறது என்றார். கேப்டன் ஊரை விரட்டி, கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள். பேச்சி சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்தாள். பாப்பா பாப்பா ஆல்ஃபா, கிளம்பத் தயாரா என்று இங்கிலீஷில் கேட்டது கண்ணாடி அறை.

"பாப்பா பாப்பா ஆல்ஃபா," என்றாள் பேச்சி. "போயிட்டு வாரேன்."

குல்கர்னி பேனாவைத் தூக்கினார். இது என்ன வார்த்தை, ஏட்டில் இல்லையே என்று கேட்டார்.

"கிளம்பத் தயார்னு அர்த்தம் சார்," என்றாள் கேப்டன், கண்ணை ஓடுபாதையை விட்டு எடுக்காமல். "இந்த ஸ்டேஷன்ல அப்படித்தான் சொல்லணும்."

அவர் யோசித்து, அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

விமானம் கிழக்கே ஓடி எழும்பியது, நிழலும் கூடவே எழுந்து ஓடியது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தலைகள் மேல் அது ஏறிக் கடந்தபோது ஒரு கண் சிமிட்டுகிற நேரம் எல்லாருக்கும் உச்சி குளிர்ந்தது. அவ்வளவுதான், மறுபடி வெயில். முன்னால் சித்திரை முழுசாகக் கிடந்தது. செல்லக்கனி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வா" என்று சத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஆறு நிமிஷத்தில் திரும்பி வரும் என்று தெரிந்திருந்ததால், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.